நாற்காலிக்குப் பின்னால் நின்றவர்

கல்லூரியில் இரண்டு பேருக்கு ஒரு கேமரா கொடுத்தார்கள். எனக்கும் கிரேஸுக்கும் ஒரு பழைய யாஷிகா வந்தது. இடுப்பருகே பிடித்துக்கொண்டு, குனிந்து, மேலே இருக்கும் கண்ணாடியில் பார்க்க வேண்டும். எதிரில் இருப்பது அதில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரியும். ஒரு சுருளில் பன்னிரண்டு படம். இரண்டு மாதத்துக்கு ஒரு சுருள்தான் கல்லூரிச் செலவு.

1978 ஜூலையில் அந்த டிப்ளமோவில் சேர்ந்தேன். அதற்கு இரண்டு மாதம் முன்பு, வைகாசியில், என் மனைவி கோதைநாயகி இறந்துபோனாள். ஒன்பது நாள் காய்ச்சல். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. பி.ஏ. முடித்திருந்தேன். அப்பா திருவள்ளூரில் கோயில் மடப்பள்ளியில் இருந்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பொறுக்க முடியாமல் அவர்தான் விண்ணப்பத்தை வாங்கிவந்தார். பத்திரிகைத் தொழில் படிப்பு என்று அதில் போட்டிருந்தது. கையெழுத்துப் போட்டேன். அவர் வேறு எந்தத் தாளை நீட்டியிருந்தாலும் போட்டிருப்பேன்.

செய்திப் படம் எடுக்கும் பாடத்தை நடத்தியவர் தானியேல். ஒரு தினசரியின் புகைப்படக்காரர். சனிக்கிழமை மட்டும் வருவார். படத்துக்காக யாரையும் நிற்கவைக்கக் கூடாது, நடப்பதை நடக்கிறபடி எடு என்பார். முகம் தெரிகிற அளவுக்குக் கிட்டே போ என்பார். அடுத்த படத்துக்குச் சுருளைத் திருப்புவதற்குமுன் பெயர், வயது, ஊர், தேதி எழுதியாக வேண்டும். பெயர் இல்லாத படத்தை அவர் திருத்தமாட்டார். கவிழ்த்து வைத்துவிடுவார்.

எனக்கு அந்தப் பாடம் ஒத்துவந்தது. கேமராவை வைத்துக்கொண்டு குனிந்து நின்றால் யாரும் நம்மிடம் பேசுவதில்லை. பேச்செல்லாம் கிரேஸ் பார்த்துக்கொள்வாள். பெரம்பூர் ரயில்வே குடியிருப்புப் பெண். அவள் அப்பா கூட்ஸ் வண்டியில் கார்டு. என்னை முதல் நாளே ஐயரே என்று கூப்பிட்டாள். ஐயர் இல்லை, ஐயங்கார் என்றேன். "எனக்கு ரெண்டும் ஒரே வண்டிதான், பெட்டிதான் வேற" என்றாள். அதற்கப்புறம் நான் திருத்தவில்லை.

டிசம்பர், ஜனவரிக்கு வேலை என்ற தலைப்பில் பன்னிரண்டு படம் கேட்டார்கள். கிரேஸ் கும்மிடிப்பூண்டியைச் சொன்னாள். அப்போதுதான் அங்கே தொழிற்பேட்டை போட்டு ஆலைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. நான் திருவள்ளூரிலிருந்து வந்து பேசின் பிரிட்ஜில் வண்டி மாறுவேன். அவள் பெரம்பூரிலிருந்து வந்து அங்கே நிற்பாள்.

டிசம்பரில் ஒரு தடவை போனோம். எந்த ஆலையிலும் உள்ளே விடவில்லை. வெளியே நின்று ஆறு படம் எடுத்தோம். ஜனவரி கடைசியில் மறுபடியும் போனோம். அன்றும் வெளியேதான். ரயிலிலிருந்து இறங்கும் கூட்டம், சைக்கிள்கள், வெந்த முகத்தோடு டீ குடிப்பவர்கள். மத்தியானத்துக்குள் பதினோரு படம் ஆகிவிட்டது. கடைசி ஒன்றை ஆலை விடும் நேரத்துக்கு வைத்துக்கொண்டு, இரும்புக் கம்பி உருட்டும் ஓர் ஆலைக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம்.

ஆலைகள் ஆள் எடுக்கும் விதத்தை டீக்கடைக்காரர்தான் சொன்னார். மேஸ்திரிகள் தங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து ரயில் பாதை ஓரம் குடிசை போட்டுத் தங்கவைப்பார்கள். ஆலைப் புத்தகத்தில் மேஸ்திரியின் பெயரும் ஆள் எண்ணிக்கையும் மட்டும் இருக்கும். எதிரே இருந்த ஆலையில் ஆதிநாராயணன், ஆள் இருபத்திரண்டு. எல்லாரும் பொதட்டூர்பேட்டைப் பக்கம். அந்த இருபத்திரண்டு பேருக்கும் தனித்தனியாக அங்கே பெயர் கிடையாது. கிரேஸ் இதைக் குறிப்பில் எழுதிக்கொண்டாள். "நம்ம சார்கிட்ட இந்த ஆலை பாஸாகாது. கவுத்து வெச்சிருவாரு" என்றாள்.

மூன்று மணிக்கு மேல் ஆலைச் சத்தம் திடீரென்று நின்றது. டீக்கடைக்காரர் கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார். சிறிது நேரத்தில் ஏழெட்டுப் பேர் ஒருவனைக் கோணிச் சாக்கில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாசலுக்கு வெளியே மதில் ஓரம் இறக்கினார்கள். வாட்ச்மேன் கதவைச் சாத்தினான்.

உருளையிலிருந்து வந்த கம்பி தடம் மாறிச் சுருண்டு நெஞ்சில் அடித்திருந்தது. பழுத்த கம்பி. முகத்தில் ஒன்றும் இல்லை. கொண்டுவரும்போதே உயிர் போய்விட்டது என்றார்கள். பெயர் துளசிராமன். இருபத்தெட்டு வயது. கிரேஸ் எழுதிக்கொண்டாள். 

மேஸ்திரி ஆதிநாராயணனை ஆலைக்குள் கூப்பிட்டுக்கொண்டு போயிருந்தார்கள். அரைமணி கழித்து வெளியே வந்தார். ஐம்பது வயது இருக்கும். காக்கிச் சட்டை. ஆட்கள் அவரை நைனா என்று கூப்பிட்டார்கள். எல்லாரும் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். அவர் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். கூட்டம் மெல்லப் பின்வாங்கி டீக்கடைப் பக்கம் வந்தது. ஒருவர் மட்டும் எங்கள் அருகில் வந்து உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் சொன்னார். அவன் ஆலை ஆள் இல்லையாம். பழைய இரும்பு எடுக்கச் சுவர் ஏறிக் குதித்த வெளியாளாம். அப்படித்தான் சொல்ல வேண்டுமாம். போலீசுக்கு ஆள் போயிருக்கிறதாம்.

குடிசைகளிலிருந்து பெண்கள் வந்தார்கள். நடுவில் வந்தவள்தான் அவன் மனைவி அஞ்சம்மாள். இருபத்திரண்டு பேருக்கும் சமைத்துப் போடுகிறவள். வந்தவள் அழவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாக்கை விலக்கிப் பார்த்தாள். மறுபடியும் மூடினாள். நெடுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு தலையைத் திருப்பியபோது என் கையில் இருந்ததைப் பார்த்தாள். எழுந்து வந்தாள்.

"இது போட்டா பொட்டியா சாமி?"

ஆமாம் என்றேன்.

"எங்க ஊட்டுக்காரரு மூஞ்சி ஒண்ணு வேணும். அவரு ஒரு போட்டாகூட எட்த்துக்கினது இல்ல."

அவர்கள் ஊரில் அது வழக்கம். உயிரோடு படம் எடுத்துக்கொள்ளாமல் போனவரைக் குளிப்பாட்டி, நல்ல சட்டை போட்டு, நாற்காலியில் உட்காரவைத்து எடுப்பார்கள். கண்ணைத் திறந்துவைப்பார்கள். பக்கத்தில் மனைவி மக்கள் நிற்பார்கள். நாற்காலிக்குப் பின்னால் குடும்பத்துக்குப் பெரியவர் நிற்க வேண்டும். வெளியூரில் இறந்துபோனால், அங்கே கூட்டிக்கொண்டு வந்தவர். அந்த இடம் காலியாக இருக்கும் படத்தை வீட்டில் மாட்டமாட்டார்கள். நாதியற்றவன் படம் என்று சொல்லிவிடுவார்கள்.

கிரேஸ் என்னைத் தள்ளிக்கொண்டு போனாள். இருப்பது ஒரே ஒரு படம் என்றாள். அவன் கிடக்கிறபடியே, சாத்திய கதவோடு, வாட்ச்மேனோடு எடுத்தால் அதுதான் செய்தி என்றாள். நாற்காலியில் உட்காரவைத்துவிட்டால் அது ஸ்டுடியோ படம்.

"சார் இன்னா சொன்னாரு? உயிரோட இருக்கறவனையே நிக்க வெக்காதேன்னாரு. நீங்க செத்தவனை உக்கார வெக்கப் போறீங்க."

"அந்தம்மா கேக்கறா."

"பேப்பர்ல வந்தா அவளுக்குத்தானே நல்லது?"

"வருமா?"

அவள் நோட்டை மூடினாள்.

நான் அஞ்சம்மாளிடம் போய் உள்ளதைச் சொன்னேன். ஒரு படம்தான் மிச்சம். படுத்திருக்கிறபடி எடுத்தால் ஆலை வாசலும் விழும், ஒருவேளை பேப்பர்காரர்கள் போடலாம். நாற்காலியில் வைத்து எடுத்தால் அவள் வீட்டுக்கு ஆகும். எது வேண்டும்?

அவள் யோசிக்கவில்லை. "படுத்துங்கெடக்கறத நானு பாத்துக்கினேன் சாமி. அது போதும்."

டீக்கடைக்காரர் ஓர் இரும்பு நாற்காலி கொடுத்தார். குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றிப் பெண்கள் முகத்தையும் கைகால்களையும் கழுவினார்கள். குடிசையிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டை வந்தது. உட்காரவைத்து, மார்பைச் சுற்றி ஒரு துண்டால் நாற்காலியோடு கட்டி, அதன்மேல் சட்டையைப் போட்டார்கள். பொத்தானை அஞ்சம்மாள் போட்டாள். கண் இமையை விரலால் தூக்கி, மூடாமல் நிற்கும்வரை பிடித்திருந்தாள்.

மணி நாலரை. தை மாத வெயில் சரிந்திருந்தது. டீக்கடைப் பக்கம் நிழல். அங்கே எடுத்தால் முகம் கறுப்பாகத்தான் வரும், அதுவரை அந்த அளவுக்குக் கற்றிருந்தேன். ஆலை வாசல் மேற்குப் பார்த்தது. வெளிச்சம் முழுதும் அங்கே விழுந்துகொண்டிருந்தது. நாற்காலியை அங்கே கொண்டுபோய்ப் போடச் சொன்னேன். நான்கு பேர் தூக்கிக்கொண்டு போய், கதவுக்குப் பத்தடி முன்னால் வைத்துவிட்டு விலகிப்போனார்கள்.

குனிந்து பார்த்தேன். துளசிராமன் நேராக என்னைப் பார்த்தான். தலைக்கு மேலே ஆலையின் பெயர்ப்பலகை கண்ணாடியில் திரும்பிய எழுத்துகளில் தெரிந்தது. நான் ஓரடி தள்ளி நின்றிருந்தால் அது படத்தில் விழாது. நான் நகரவில்லை. அதை யோசித்துச் செய்தேனா என்று பின்னால் பலரும் கேட்டார்கள். வெளிச்சத்தை யோசித்தேன். மற்றது எனக்குத் தெரியாது.

அஞ்சம்மாள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். பின்னால் யாரும் இல்லை. ஆட்கள் அசையவில்லை. வாட்ச்மேன் கதவு இடுக்கிலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தான். மேஸ்திரி மதில் ஓரம் தனியாக நின்றார்.

அஞ்சம்மாள் அவர் பக்கம் திரும்பினாள். "நைனா, வந்து நில்லு."

"நான் எதுக்கும்மா?"

"நீதானே இட்டுக்கினு வந்தே. வேற யாரு நிப்பாங்க?"

மேஸ்திரி கதவைப் பார்த்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து மதில்மேல் வைத்தார். கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார். துளசிராமனின் தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது. இரண்டு விரலால் அதை நிமிர்த்தினார். மறுபடியும் சாயாமல் இருக்கத் தோளில் கையை வைத்து அழுத்திக்கொண்டார். என்னைப் பார்த்தார்.

எடுத்தேன். பன்னிரண்டு.

சுருளைத் திருப்பி முடிப்பதற்குள் போலீஸ் ஜீப் வந்துவிட்டது.

சனிக்கிழமை கல்லூரி இருட்டறையில் கழுவினோம். முதல் பதினொன்றும் சுமார். பன்னிரண்டாவது நன்றாக வந்திருந்தது. வெளிச்சம் சரி, முகம் தெளிவு. கிரேஸ் தட்டிலிருந்து அதை எடுத்துக் கொடியில் மாட்டிவிட்டு வெளியே போய்விட்டாள்.

படத்துக்குக் கீழே எழுத வேண்டியிருந்தது. பேப்பரில் குழுப் படத்துக்குப் போடுகிற மாதிரி எழுதினேன். அமர்ந்திருப்பவர் துளசிராமன், 28. நிற்பவர்கள் அஞ்சம்மாள், மேஸ்திரி ஆதிநாராயணன். தானியேல் இரண்டு தடவை படித்தார். உட்காரவைத்து எடுத்ததா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. மற்றப் படங்களுக்கு மதிப்பெண் போட்டார். இதற்குப் போடவில்லை. கவிழ்த்தும் வைக்கவில்லை. ஒரு பிரதியைத் தன் பேப்பருக்கு எடுத்துப்போனார். அடுத்த வாரம் திருப்பிக் கொண்டுவந்தார். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஆளைப் போட்டால் வாசிப்பவனுக்கு என்ன புரியும் என்று கேட்டார்களாம்.

பிப்ரவரியில் நானும் கிரேஸும் படத்தைக் கொடுக்கப் போனோம். அஞ்சம்மாள் குடிசையில்தான் இருந்தாள். இருபத்தோரு பேருக்கு உலை வைத்திருந்தாள். அதற்குள் என்னென்னவோ நடந்துவிட்டிருந்தது. அவன் செத்த மறுநாளே ஆலையில் ஒரு தாள் எழுதி, மேற்படி நபரைத் தெரியாது என்று மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதன் கீழே இருபத்தோரு பேரும் கைநாட்டு வைத்திருந்தார்கள். இரும்பு எடுக்க வந்தவன் என்று போலீசில் எழுதியாகிவிட்டது. வேறொரு ஆலையின் சங்கத்துக்காரர் ஒருவர் அவளுக்கு மனு எழுதிக் கொடுத்திருந்தார். ஏப்ரலில் திருவள்ளூரில் தொழிலாளர் அதிகாரி விசாரிக்கப் போகிறார்.

"ஊருக்குப் போனா திருடன் பொண்டாட்டின்னு சொல்லுவாங்க" என்றாள். "அத்த எடுக்கணும் சாமி. வேற ஒண்ணும் வேணாம். வேலையில செத்தான்னு எழுதிக் குட்த்தா போதும்."

படத்தைக் கொடுத்தேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு விரலை மெல்ல நகர்த்தித் தோளில் இருந்த கையின்மேல் வைத்தாள். "நைனா நின்னாரு" என்றாள்.

கிரேஸ் அவள் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினாள். தெரியாத ஆள் என்று எழுதிக் கொடுத்தவர், தெரிந்தவன் தோளில் கை போட்டு, ஆலைப் பலகைக்குக் கீழேயே நிற்கிறார். இந்தப் படத்தை அதிகாரியிடம் காட்டினால் அந்தத் தாள் நிற்காது.

அஞ்சம்மாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நைனாவ மாட்டி உடறதுக்கா இத்த எட்த்தோம்?" என்றாள்.

கிரேஸ் எழுந்துகொண்டாள். நாங்கள் கிளம்பும்போது அஞ்சம்மாள் என்னிடம் மட்டும் கேட்டாள், விசாரணைக்கு வந்து இதை எடுத்தவன் நான்தான் என்று சொல்ல முடியுமா என்று. என் வீடு அந்த ஊர்தான், வருகிறேன் என்றேன்.

விசாரணைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி என் வீட்டுக்கு வந்தார். விலாசத்தை எப்படிப் பிடித்தாரோ. அப்பா உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. கதவோரம் நின்றார். அப்பா மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனார். மேஸ்திரி தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பிலிமு உங்களாண்ட கீதா சாமி?"

இருக்கிறது என்றேன்.

"அத வெச்சு எத்தினி வேணா போடலாமா?"

போடலாம்.

"அத்த எனக்குக் குட்த்துடு. அவகிட்ட இருக்கறத நானு கேக்கமாட்டேன். அது அவ புருஷன். ஆபீசுக்காரன் அத்த வாங்கிக்கினான்னா திருப்பித் தரமாட்டான்னு சொல்லி, நீ வேற போட முடியாதுன்னா, அவ தரமாட்டா. எனக்குத் தெரியும் அவள."

சரியாகக் கணக்குப் போட்டிருந்தார். இருக்கும் ஒரே முகத்தை அவள் ஓர் அலுவலகக் கோப்பில் விட்டுவிட்டு வரமாட்டாள்.

"நீங்க தெரியாதுன்னு கையெழுத்துப் போட்டீங்களா?" என்றேன்.

"போட்டேன்."

"பொய்தானே?"

"பொய்தான். இருபத்தோரு பேரு கஞ்சி குடிக்கணும்." குரல் உயரவில்லை. "அவ கூப்ட்டா, போய் நின்னேன். அந்த எடம் காலியா இருக்கக் கூடாதுன்னு நின்னேன். நானு நிக்கலன்னா அன்னிக்கு ஒருத்தனும் நின்னுருக்க மாட்டான். அத்தயே காட்டி என்ன மாட்டுனா, நாளைக்கு எந்த மேஸ்திரி சாமி எந்தப் பொணத்தாண்ட வந்து நிப்பான்?"

  பிலிம் அடுத்த அறையில் அலமாரியில் ஒரு காகித உறைக்குள் இருந்தது. இன்னொரு தடவை கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேனோ என்னவோ.

அவர் கேட்கவில்லை. சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கல்யாணப் படம்.

"சம்சாரமா?"

"ஆமாம்."

"ஊருக்குப் போய்க்கிறாங்களா?"

"செத்துப்போயிட்டா. போன வைகாசில."

கிட்டே போய்ப் பார்த்தார். அதில் கோதை தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாள். வகிடும், நெற்றிச் சுட்டியும், மூக்கு நுனியும்தான் தெரியும்.

"மூஞ்சி தெரியலியே சாமி."

"தெரியாது."

"வேற இல்லியா?"

"இல்லை."

அவர் மோரைக் குடித்தார். தம்ளரை வாசலுக்கு வெளியே எடுத்துப்போய்க் கழுவிக் கொண்டுவந்து வைத்தார். வரேன் சாமி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிலிமைப் பற்றி மறுபடியும் பேசவில்லை. விசாரணையில் என்ன சொல்லப்போகிறார் என்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் ஒரு மேசை, அதிகாரி, எழுதுவதற்கு ஒரு குமாஸ்தா. ஆலைத் தரப்பில் ஓர் எழுத்தர் வந்திருந்தார். அஞ்சம்மாள் சுவரோரம் நின்றாள். மேஸ்திரி அவளுக்கு எதிர்ப்பக்கம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. கிரேஸ் வர முடியவில்லை. அவள் குறிப்பு நோட்டு மட்டும் என்னிடம் இருந்தது.

அதிகாரி அந்தத் தாளைப் படித்தார். மேற்படி நபரை எனக்குத் தெரியாது, இதற்கு முன் பார்த்ததும் இல்லை. மேஸ்திரியிடம் இது உங்கள் கையெழுத்தா என்றார். ஆமாம் என்றார் மேஸ்திரி.

அஞ்சம்மாளிடம் சொல்வதற்கு ஏதாவது உண்டா என்று கேட்டார். அவள் மடியிலிருந்து படத்தை எடுத்தாள். உடனே கொடுக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "வேற போட்டுத் தருவியா சாமி?" என்றாள். தருகிறேன் என்றேன். எடுத்துப்போய் மேசைமேல் வைத்தாள். பழைய இடத்துக்கே திரும்பி வந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதிகாரி என்னைக் கேட்டார். தேதி, நேரம் சொன்னேன். ஏன் ஆலை வாசலில் வைத்து எடுத்தீர்கள் என்றார். அங்கேதான் வெளிச்சம் இருந்தது என்றேன். பின்னால் நிற்பவரை நிற்கச் சொன்னது யார் என்றார். அஞ்சம்மாள் கூப்பிட்டாள், வந்தார் என்றேன்.

படத்தை மேஸ்திரி பக்கம் தள்ளினார். "நிற்பது யார்?"

"நானு."

"உட்கார்ந்திருப்பது?"

ஆலை எழுத்தர் குறுக்கே பேசினார். செத்த இடத்தில் அழுகிற பெண் கூப்பிட்டால் யாராக இருந்தாலும் போய் நிற்பார்கள், இரக்கப்பட்டு நின்றிருப்பார், அதை வைத்துத் தெரிந்தவர் என்று சொல்லிவிட முடியுமா என்றார். நல்ல பதில்தான். மேஸ்திரி தலையாட்டினால் போதும். அதிகாரியே அவரை அப்படித்தான் பார்த்தார். "இரக்கப்பட்டு நின்னீங்களா?" என்றார்.

மேஸ்திரி படத்தைக் கையில் எடுத்தார். கிட்டத்தில் தெரியாமல் தள்ளி நீட்டிப் பிடித்துப் பார்த்தார். குமாஸ்தா பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டுக் காத்திருந்தார். அஞ்சம்மாள் நிமிரவில்லை.

"துளசிராமன்" என்றார். "எங்க ஊரு. அவங்கப்பன் வந்து இவன் கையப் புடிச்சு என் கையில குட்த்தான். நாந்தான் ரெண்டாம் உருளையில நிக்க வெச்சேன். மூணு வருசமா நின்னான். திருடன் இல்ல சார்."

"அப்போ இந்தக் கையெழுத்து?"

"அது பொய்யி. எழுதிக்கங்க."

குமாஸ்தா எழுதினார். படித்துக் காட்டினார். மேஸ்திரி ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். ஆலை எழுத்தர் அதற்குள் எழுந்து போய்விட்டார்.

பொதட்டூர்பேட்டை பஸ்ஸுக்கு அவர்களோடு நிறுத்தம்வரை நடந்தேன். ஆலையில் இனி அவர் ஆட்களை உள்ளே விடமாட்டார்கள் என்பது மூவருக்கும் தெரியும். அவர்தான் அதைச் சொன்னார், ஊரில் சொல்லிவிட்டு நாளைக்கே திரும்பி வந்து குடிசைகளைப் பிரிக்க வேண்டியிருக்கும் என்று. அஞ்சம்மாள், தெரியும் நைனா என்றாள்.  வெயிலில் நின்றோம். அவள் தன் நிழல் விழுகிற பக்கம் அவரை நகர்ந்து நிற்கச் சொன்னாள். பஸ் வந்ததும் அவர் அவளை முதலில் ஏறச் சொல்லிவிட்டு, பின்னால் ஏறினார். ஒரே இருக்கையில் உட்கார்ந்து போனார்கள்.

எனக்கு அன்றைக்கு வகுப்பு இருந்தது. போகவில்லை. வீட்டுக்கு வந்தேன். அப்பா அப்போதுதான் மடப்பள்ளியிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். கோதையை எடுத்துப்போன அன்றைக்கு யார் யார் வந்திருந்தார்கள் என்று கேட்டேன். பதினோரு மாதத்தில் அவள் பேரை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

"நீ அங்கேதானேடா இருந்தே" என்றார்.

"இருந்தேன். எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லை."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் எதிரில் தரையில் உட்கார்ந்தார். 

"தலைமாட்டுல எதிர்வீட்டு அனந்தபத்மநாபன் நின்னான்" என்றார். "ராத்திரி முழுக்க நின்னான். அவன் பக்கத்துல அவன் அக்கா ஸத்யபாமா. நீ தண்ணி கேட்டே, அவதான் கொண்டுவந்தா."

ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போனார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.